கணக்குப் புத்தகத்துக்கு மொய்

விவசாயிகள் தங்கள் வரவு செலவுக் கணக்கை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அளந்து பார்ப்பதுதான் எங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டிருந்த வேலை. நான் அதில் போன் பேசுகிறவள். பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "கணக்க அளக்குறாங்களா? இன்னாத்துல, படியிலயா?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டுவிட்டு, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்ற எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். எனக்கே முழுதாகப் புரியாத வேலை. அதனால் எந்த நேரமும் அது கையை விட்டுப் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அதன்பிறகு வெகுகாலம் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் மாடியில் நின்று புடவை பிரித்துப் போட்டேன். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை தேடினேன். கடைக்கு வந்த ஒரு அம்மா, "உன் குரல் நல்லா இருக்கு, போன்ல பேசற வேலைக்குப் போயேன்" என்று அடையாற்றில் இந்த அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். குரலை வைத்துத்தான் எடுத்தார்கள். படிப்பை அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பார்கள் என்று தினமும் நினைத்தபடியே படியேறுவேன்.

மதுராந்தகம் பக்கத்து ஊர்களில் இருக்கிற விவசாயிகளுக்கு வாராவாரம் போன் போட வேண்டும். இந்த வாரம் விதைக்கு என்ன செலவு, ஆள் கூலி எவ்வளவு, உரம் வாங்கினீர்களா, பால் ஊற்றிய காசு வந்ததா என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அறுவடை முடிந்ததும் அதையெல்லாம் அச்சடித்து, சுருள்கம்பி போட்டு, அட்டையில் அவரவர் பேரோடு புத்தகமாக அனுப்பினோம். விவசாயிகள் அதற்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. அடுத்தபடியாகத்தான் அளப்பது. அதாவது, அந்தப் புத்தகத்தை அவர்களிடமிருந்து நாங்களே விலைக்குக் கேட்பது.

நான் போன் போட்டவர்களில் ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. மயிலாப்பூரில் இருக்கிற ஒரு குடும்பத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். அவருக்கு வாய் நிறையப் பேச்சு. கூலிக் கணக்கு சொல்லும்போதே யார் யார் நடவுக்கு வந்தார்கள், யார் சாக்கு சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்து வரும். அந்த வருஷம் மழையில் நாற்று அழுகி, மறுபடி விதை வாங்கி, மறுபடி ஆள் விட்டு நட்டார். செலவு இரட்டிப்பாகிவிட்டது. குத்தகை மட்டும் அதேதான்.

புத்தகம் கைக்குக் கிடைத்ததும் அவரே எனக்கு போன் போட்டார். "கண்ணு, பொஸ்தகம் வந்துச்சு. பக்கத்து வூட்டுப் புள்ளைய வுட்டு படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு தபா நட்டது எல்லாம் தனித்தனியா அச்சுல கீதே! இத எடுத்துக்கினு மைலாப்பூருக்குப் போவப்போறேன். எதனா கணக்கு இருந்தா கொண்டா, பாத்துட்டு குத்தகையக் கொறைக்கிறேன்னு அய்யா சொல்லிக்கிறாரு."

"போங்கம்மா, நல்லதுதான்" என்றேன்.

"நீங்க அடையாறுக்கு வரச் சொல்லிக்கிறீங்கல்ல, அன்னிக்கே அப்படியே போயிடறேன். ரெண்டு செலவு எதுக்கு?"

அடையாற்றுக்கு வரச் சொன்னதே புத்தகத்தை விலை கேட்கத்தான். அதைப் போனில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அந்த வாரம் முழுவதும், வேலை செய்யும்போதும் பஸ்ஸில் வரும்போதும் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். என் சுபாவம் அது. ஒரு காரியம் வருவதற்கு முன்னாலேயே பயந்து தீர்த்துவிடுவேன். அது நிஜமாக வரும்போது எனக்குள் ஒன்றும் மிச்சமிருக்காது. கட்டையாக நிற்பேன்.

அன்றைக்கு வேனில் வந்து இறங்கினார்கள். அடையாற்றில் மாடியில் ஒரு ஹால் எடுத்திருந்தோம். எனக்கு எல்லாருடைய குரலும் தெரியும், ஒருவர் முகமும் தெரியாது. படியில் ஏறி வரும்போதே, "இன்னாடா இது, ஏறிக்கினே கீறோம், மாடி முடியவே மாட்டேங்குது" என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. குட்டையாக, கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு, ஜவுளிக்கடைப் பையை மார்போடு அணைத்தபடி வந்தார். நான் வணக்கம் சொன்னதும் நின்றுவிட்டார்.

"நீதானா? அய்ய, குண்டா இருப்பேன்னு இல்ல நெனச்சேன்!" என்று என் கன்னத்தைத் தொட்டார். பையைத் திறந்து புத்தகத்தைக் காட்டினார். அது அழுக்காகாமல் இருக்க பால் கவரை வெட்டித் தைத்து உறை போட்டிருந்தார்.

முதலில் ஆளுக்கொரு சோப்பைக் கொடுத்து ஒத்திகை. எங்கள் சார் மைக் பிடித்துச் சொன்னார். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், யாரையும் கடிந்து பேசாதவர். "இந்த சோப்பு இப்போ உங்களுக்குச் சொந்தம். இதை எங்களுக்கே திருப்பிக் குடுக்கணும்னா குறைஞ்சது எவ்வளவு கேப்பீங்கன்னு மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. அப்புறம் இந்த டப்பாவிலேர்ந்து ஒரு சீட்டு எடுப்பீங்க. அதுல ஒரு விலை இருக்கும். நீங்க கேட்டதும் அதுவும் ஒண்ணா இருந்தாலோ, சீட்டு விலை கூட இருந்தாலோ, சீட்டுல இருக்கற காசு உங்களுக்கு, சோப்பு எங்களுக்கு. சீட்டு விலை கம்மின்னா சோப்பு உங்ககிட்டயே இருக்கும், காசு கிடையாது. பேரம் கிடையாது."

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, சும்மா குடுத்த சோப்ப உங்ககிட்டயே நாங்க விக்கறதா? எந்த ஊர்ல அப்படி விப்பாங்க? இந்தா, வெச்சிக்க" என்று கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கொண்டுவந்து வைத்தார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சார் கெஞ்சி ஒவ்வொருவர் கையிலும் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் ஆளுக்கொரு மேஜை. போன் பேசினவளே விலையும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. பழகின ஆள் என்றால் மனசில் இருப்பதைச் சொல்வார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பக்கத்து மேஜையில் தேனாம்பேட்டையிலிருந்து வருகிற என் தோழி உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கேள்விகளை ஏற்றிக் கையில் கொடுத்திருந்த டேப்பின் திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தேன். இந்தப் புத்தகத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு இதன் வேறு பிரதி கிடைக்காது, எங்கள் கம்ப்யூட்டரில் கணக்கிலிருந்து உங்கள் பேர் அழிக்கப்படும், பேர் இல்லாத எண்கள் மட்டும் ஆராய்ச்சிக்கு இருக்கும். புரிகிறதா? புரிகிறது என்று தலையாட்டினார். குறைந்தபட்சம் எவ்வளவு கொடுத்தால் இதைக் கொடுப்பீர்கள்?

"உன்கிட்டப் போயி வெல சொல்லுவனா?"

"என்கிட்ட இல்லம்மா, ஆபீஸ்கிட்ட."

"எழுதுனவ நீதானே? வாரா வாரம் சலிக்காம கேட்டுக் கேட்டு எழுதுன. நான் வாயால சொன்னதோட சரி. அதுக்கு உன்கிட்டயே காசு கேட்டா எனக்கு நாக்கு அழுவிடும். நீயே பாத்துப் போடு கண்ணு."

"நான் போடக் கூடாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ஒண்ணும் வேணாம்னு போடு."

"சைபர்னு போடவா?"

"அய்யய்யோ, சைபர் போடாத! வேணாத ஊட்டு மொய்யாட்டம்!" அவர் விரலால் மேஜையைத் தட்டினார். "நூத்தியொண்ணு போடு. அது நல்லாருக்கும்."

என் விரல் டேப்பின்மேல் நின்றது. புடவைக் கடையில் நின்ற காலத்தில் மனிதர்கள் விலை பேசுகிற எல்லா விதத்தையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று படியிறங்கிவிட்டுத் திரும்பி வருகிறவர்கள், கண்ணால் புடவையைத் தடவிக்கொண்டே வாயால் குறை சொல்கிறவர்கள். இவர் செய்தது அந்த வகை எதிலும் சேராது. விலையே பேசவில்லை. மொய் வைத்தார்.

"அம்மா, சாயங்காலம் மயிலாப்பூர்ல இத காட்டணும்னு சொன்னீங்களே" என்றேன்.

சார் என் பின்னால் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. குனிந்து என் காதருகே, "அவங்களை ஒரு பக்கம் தள்ளிவிடற மாதிரி பேசாதீங்க. டேப்ல இருக்கறது மட்டும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அதற்கப்புறம் டேப்பில் இருந்ததைத் தவிர ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

"காட்டிட்டு நாளைக்கு அனுப்பிடட்டா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இன்னிக்கே குடுக்கணும்மா." டேப்பில் அடுத்த வரி வந்திருந்தது. "சீட்டு எடுப்பதற்கு முன் உங்கள் விலையை மாற்ற விரும்புகிறீர்களா?"

அவர் சாரை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். சார் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. "சொல்லிட்டு மாத்துனா நல்லாவா இருக்கும்? நூத்தியொண்ணுதான். வா, சீட்ட எடுப்போம். நமக்கு எங்க வரப்போவுது" என்று டப்பாவுக்குள் கையை விட்டார்.

சீட்டில் இருநூற்றைம்பது என்று இருந்தது.

பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். புத்தகத்தை வாங்கி, பால் கவர் உறையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, மேஜைக்குக் கீழே இருந்த தக்காளிக் கூடையில் வைத்தேன். ஏற்கெனவே அதில் நிறையப் புத்தகங்கள் கிடந்தன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. காற்றாடி மட்டும் தலைக்கு மேல் சத்தமாகச் சுற்றியது. அவர் அந்த உறையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் சார் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "இது என்ன, பாதிப் பேருக்கு மேல ஐம்பத்தொண்ணு, நூத்தியொண்ணுன்னு சொல்லியிருக்காங்க? ஏன் எல்லாரும் ஒண்ணுல முடிக்கறாங்க?" என்றார்.

"மொய் வெச்சிக்கிறாங்க சார்" என்றாள் என் தோழி. "நம்மளுக்குக் கல்யாணம்னு நெனச்சிட்டாங்களோ இன்னாமோ."

சாரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, அதை ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மற்றவர்கள் வேனில் ஏறினார்கள். அந்த அம்மாவை மயிலாப்பூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று நான் கேட்டேன். எனக்கு அது வழிதான். சார் சரி என்றார். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இலவசச் சீட்டைக் கிழித்துக் கண்டக்டர் கொடுத்தார். மந்தைவெளி தாண்டும்வரை அந்த அம்மா ஜன்னல் வழியாகத் துணிக்கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "வாயாலயே சொல்லிக்கலாம். அய்யா நல்லவருதான்" என்றார். நான் ம் என்றேன்.

குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தவர் எழுபதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். உட்காரச் சொன்னார். அவர் மனைவி எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நாற்று அழுகினதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. கணக்கு கொண்டு வரேன்னியே, எங்கே?"

அந்த அம்மா காபி டம்ளரைப் பார்த்தார். "வித்துட்டன் அய்யா."

"என்னத்தை?"

"கணக்கதான்."

பெரியவர் உள்ளே திரும்பி, "இங்கே வாயேன், கணக்கை வித்துட்டாளாம்!" என்றார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கணக்கை எல்லாம் யாரு வாங்கறா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

"இவங்க ஆபீசுதான்" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார்.

நான் எழுந்து நின்று, எங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்று சொல்லப் பார்த்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னதைவிட மோசமாக வந்தது. பெரியவர் கையமர்த்தினார். "நீதானே எழுதினே? அப்போ நீயே சொல்லேன், இவளுக்கு மொத்தம் என்ன செலவு, என்ன வந்தது?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு எண்கூட இல்லை. எத்தனை பேருடைய கூலியும் உரமும் என் காது வழியாக வந்து விரல் வழியாகப் போயிருக்கின்றன, எதுவும் எனக்குள் தங்கவில்லை. இரண்டாம் நடவின்போது இவருக்குக் காய்ச்சல், அடுப்பு பற்றவைக்க முடியாமல் டீக்கடை பன் தின்றார் என்பது ஞாபகம் இருந்தது. அது கணக்கில் வராது.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க. ரெண்டு தடவை நட்டாங்க, அது நிஜம்."

"மழை எனக்கும் தெரியும்மா, இங்கேயும்தான் கொட்டித்து" என்றார் பெரியவர். "நான் இவளை நம்பலைன்னு நினைக்காதே. நிலம் இப்போ பொண்ணு பேர்ல இருக்கு. அவ வெளியூர்ல இருந்துண்டு, குத்தகையை ஏத்துப்பா ஏத்துப்பாங்கறா. பேப்பர்ல இருந்தா வீடியோல காமிச்சு, பாரும்மா இப்படின்னு பேசுவேன். வெறும் வாயால சொன்னா, நீங்க ஏமாந்துட்டேள்னுவா."

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே மாடிப்படிக்கு வந்து சாருக்கு போன் போட்டேன். "சார், அந்தம்மா கணக்கு ஒரே ஒரு பக்கம், மொத்தம் மட்டும், போன்ல அனுப்ப முடியுமா? நிலத்துக்காரருக்குக் காட்டணும்."

"வித்துட்டாங்களேங்க. வித்ததைத் திருப்பிக் குடுத்தா, அவங்க சொன்ன விலைக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். அப்புறம் இத்தனை நாள் செஞ்சது எதுக்கு?" என்றார் சார். பிறகு, "கணக்குலேர்ந்து பேரையும் அழிச்சாச்சு. எது அவங்களோடதுன்னு இப்ப எனக்கே தெரியாது. சாரிங்க" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது.

நான் உள்ளே போனபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கீழே வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஏத்தணும்னா சொல்றாங்க அய்யா?"

"ஏத்தாம நான் பாத்துக்கறேன். போன வருஷம் என்னவோ அதுவே இருக்கட்டும். குறைக்கறதுக்குத்தான் வழியில்லை."

"அதே குத்தகைக்கு முழுசா என்னால ஆவாது. பள்ளத்து நெலத்த வுட்டுடறேன். மேட்ட மட்டும் வெச்சிக்கிறேன்."

பெரியவர் நிமிர்ந்தார். பள்ளத்து நிலம்தான் நல்ல மண் என்று அந்த அம்மா போனில் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தண்ணீர் நின்றால் கெடும், நிற்காவிட்டால் அதுதான் சோறு போடும் என்பார். "அவசரப்படாதே. யோசிச்சுச் சொல்லு" என்றார் பெரியவர்.

"இன்னா அய்யா யோசிக்கறது? இன்னொரு மழ வந்தா நான் எங்க போவேன்?"

பெரியவரின் மனைவி உள்ளேயிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து பையில் போட்டார். நாங்கள் இறங்கி வந்தோம். தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு கடையில் நின்று கத்தரிக்காய் விலையைக் கேட்டார். சொன்னதும், "எங்க ஊர்ல இதுக்கு ஒரு மூட்டையே குடுப்பானுங்க" என்று அந்தக் கடைக்காரப் பெண்ணோடு சண்டைக்குப் போனார். "அப்ப ஊர்லயே போயி வாங்கிக்கோ ஆயா, யாரு வேணான்னா?" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். கிண்டி பஸ் வந்தது. அங்கிருந்து கிளாம்பாக்கம் போய், மதுராந்தகம் பஸ் பிடிக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "நீ சாப்பிட்டுப் படு. மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றார்.

அறுவடை முடித்தவர்கள் மறுபடி உழவு ஆரம்பித்த சமயம், எல்லோருக்கும் கடைசியாக ஒரு போன் போட வேண்டியிருந்தது. புத்தகத்தைக் கொடுத்தவர்கள் இப்போது வேறு விதமாகக் கணக்கு வைக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள. போன் நம்பர் பட்டியல் மட்டும் கணக்கோடு சேராமல் தனியாக இருந்தது. அவர் முறை வந்தபோது எண்ணை அழுத்திவிட்டு, எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் டிராக்டர் சத்தம்.

"கண்ணு! எங்க ஆளையே காணோம்? நல்லாக்கீறியா?"

நல்லா இருக்கேன் என்றேன். பள்ளத்து நிலத்தை யாராவது எடுத்தார்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டேப்பில் இருந்ததைப் படித்தேன். "கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வரவு செலவை எங்காவது எழுதி வைத்தீர்களா?"

"எதுக்கு? மேட்டு நெலம் இத்தினியூண்டு. வேர்க்கல்ல போட்டுக்கிறேன். அதுக்குக் கணக்கு வெரல்லயே வந்துடும்."

"அப்ப இல்லைன்னு போடட்டாம்மா?"

"போட்டுக்கோ. வேற எதனா கேக்கணுமா? டிராக்டர்காரன் நிக்கறான், மணிக்கணக்குல காசு கேப்பான்."

வேறு ஒன்றும் இல்லை என்றேன். இல்லை என்பதைத் தொட்டேன். டேப்பில் அடுத்தவரின் பேர் வந்தது.